குறட்டை ஆட்டம்

வெற்றிச்செல்வன் பகலில் தூங்குவதில்லை. இது அவனுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அவன் காலையில் படுத்தால் சாயங்காலம்தான் கண் திறப்பான் என்று அவன் பெண்டாட்டி ஜோதிகா நம்பினாள். அவன் பெண் குழந்தைகள் இரண்டு பேரும் நம்பினார்கள். நம்புகிற மாதிரி அவன் நடித்தான். நடிப்புக்கு மெருகு ஏற்றக் குறட்டையும் விட்டான்.

காட்டுப்பாக்கத்தில் ஒரு லைன் வீட்டின் மாடியில் கடைசி போர்ஷன் அவர்களுடையது. ஓர் அறை, சமைப்பதற்கு ஓர் இடுக்கு, இடுக்கைத் தாண்டி சிமெண்ட் ஷீட் போட்ட பாத்ரூம். அறையில் பாதியைக் கட்டில் பிடித்துக்கொண்டது. மீதியில் பீரோவும் டீவியும் துணி மூட்டையும். அதிலும் மிச்சம் மீதி இருந்த தரையில்தான் ஏழு வயது அருள்மொழியும் நான்கு வயது நிவேதிதாவும் வளர்ந்தாக வேண்டும். இதற்குக் குடும்பம் நடத்த ஏற்ற வீடு என்று பெயர் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள்.

வெற்றிச்செல்வன் நசரத்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய குடோனில் பெட்டி தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். அவனுக்கு எப்போதும் நைட் டூட்டிதான். பகல் டூட்டியெல்லாம் அவனுக்கு முன்னால் சேர்ந்தவர்கள் கையில் இருந்தது, அவர்கள் யாரும் அதை விட்டுத் தருவதாக இல்லை. படுக்கப் போகும் முன் போனில் ஆர்டர் போட்டுவிட்டுக் காலையில் கதவைத் திறந்தால் பெட்டி வந்து நிற்க வேண்டும் என்று நினைக்கிற மகராசன்களுக்கு, அந்தப் பெட்டியை ராத்திரி ஒருத்தன் கண் எரியத் தூக்கி வைத்தான் என்று எதற்குத் தெரியப் போகிறது? விடிந்து வீடு வந்து படுப்பான். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் தூக்கம் மட்டும் வராது. கூப்பிட்ட உடனே வாலை ஆட்டிக்கொண்டு வருவதற்குத் தூக்கம் என்ன வீட்டு நாயா?

ஒரு நாள் அது வரக் கூடாத இடத்தில் வந்தது. விடியும் நேரத்தில் வண்டியிலேயே அவன் கண் அசந்துவிட்டான். வண்டி நேரே போய் வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டி அடுக்கில் பாய்ந்தது. அடுக்கு சரிந்த பக்கம் நின்றிருந்தவன் அவன் கூட்டாளி ஜீவா. நல்ல வேளையாகப் பக்கவாட்டில் தாவிவிட்டான்.

தாவியவன் வாயையும் மூடிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, ஜோதிகா கொடுத்த டீயை உறிஞ்சிக்கொண்டே, "தங்கச்சி, மச்சான் ஊட்ல தூங்குறானா இல்லியா? அன்னிக்கி இவன் வண்டில எனக்குப் பாடை கட்டியிருப்பாங்கோ, தெரியுமா உனக்கு?" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனான்.

ஜோதிகா அன்றைக்கே சட்டம் போட்டாள். குழந்தைகளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னியிலேர்ந்து அப்பா தூங்கறப்போ இந்த ஊட்ல ஒரு சத்தம் கேக்கக் கூடாது. பேச்சு, சிரிப்பு, அய்கை, ஒண்ணும் கூடாது."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்பவும் நீ தூங்கல, நான் பசங்கள இஸ்துகினு வேப்பம்பட்டுக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போய்ட்றேன் மாமா. அங்கியே ஸ்கூல்ல சேத்துர்றேன். நீ ஒண்டியா கம்முனு தூங்கு. ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம வந்து பாத்துட்டுப் போ."

ஜோதிகா சொன்னால் செய்கிறவள். அவளுடைய அம்மா வேம்புலியம்மாளிடம் போனில் பேசியும் வைத்துவிட்டாள், பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதா என்றும் விசாரித்து வைத்திருந்தாள். இப்போதே பிள்ளைகளை வெற்றிச்செல்வன் கண்ணால் பார்ப்பது டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம்தான். அதுவும் போய், ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் விருந்தாளி ஆகிவிட்டால்? அந்த நினைப்பே அவனுக்குத் தாங்கவில்லை. அதனால் மறுநாள் காலை படுத்த உடனேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு குறட்டையைத் தொடங்கினான்.

வீடு அடங்கியது. ஜோதிகா குக்கரைப் பரண் மேல் ஏற்றிவிட்டுப் பானையில் சோறு வடித்தாள். சில்வர் டம்ளர் போய் பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. பெண்களின் காலில் இருந்த கொலுசைக் கழற்றித் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தாள். டீவியில் பொம்மைப் படம் ஓடும், சத்தம் மட்டும் வராது. என்ன பேசுகிறது என்று அருள்மொழியே கதை கட்டித் தங்கை காதில் ஊதுவாள். அவள் கட்டிய கதையில் பூனையும் எலியும் ஆர்டர் பெட்டி யாருக்கு என்று சண்டை போட்டுக்கொள்ளும். வெற்றிச்செல்வன் போர்வைக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பான்.

பள்ளிக்கூடம் இருந்தவரை காலை நேரமாவது பெரியவள் வெளியே இருந்தாள். மே மாத லீவு வந்ததும் இரண்டும் நாள் முழுக்க அறைக்குள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். கீழே தெருவில் தண்ணீர் லாரியும் மீன்பாடி வண்டியும் போட்டி போடும், அங்கே பிள்ளைகளை விட முடியாது. வெளிச்சம் வந்தால் அப்பா முழித்துக்கொள்வார் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தாள் ஜோதிகா. காற்றாடி சுடு காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு கிடந்தார்கள். யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது, அதுதான் கொடுமை. தப்புச் செய்தவன் என்று ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் வெற்றிச்செல்வன் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தான். ஜோதிகா கீழே குழாயடிக்குப் போயிருந்தாள். அவன் வழக்கம்போல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தரையில் ஏதோ மெல்லத் தொப்புத் தொப்பென்றது. இமையை நூல் அளவு திறந்து பார்த்தான். பெண்கள் இரண்டும் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்தன. அவன் மூச்சு வாங்கக் குறட்டையை நிறுத்தினான். இரண்டும் அப்படியே உறைந்து நின்றன. மறுபடி குறட்டை வந்தது, மறுபடி நொண்டின. அப்பா குறட்டை விட்டால் நகரலாம், நிறுத்தினால் சிலை. அசைந்தவள் அவுட். தாங்களே உண்டாக்கிய ஆட்டம், காசு பணம் கேட்காத ஆட்டம், சத்தமே வராத ஆட்டம்.

நிவேதிதா ஒரு காலைத் தூக்கியபடி தள்ளாடினாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழுந்துவிடுகிற மாதிரி ஆடினாள். ஐயோ பாவம் என்று அவன் சட்டென்று குறட்டையைத் தொடங்கினான். குழந்தை தப்பித்தாள். அக்கா முகத்தில் ஏமாற்றம், தங்கை முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. வெற்றிச்செல்வனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு அவன் தூங்குவதற்கு முயற்சிகூடச் செய்யவில்லை. தப்பு என்று அவனுக்கே தெரியும். வண்டியில் உட்கார்ந்தால் கண் சொருகியது, டீக்கு மேல் டீ குடித்தான், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். ஆனாலும் காலையில் வீட்டுப் படி ஏறும்போது இன்றைக்கு எப்படி ஆட்டம் காட்டலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வருவான். நீட்டி விடுவான், வெட்டி வெட்டி விடுவான், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது ஒரு குட்டிக் குறட்டை போடுவான். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், தோள் மட்டும் குலுங்கும். தானும் எழுந்து அவர்களோடு நொண்ட வேண்டும்போல் இருக்கும் அவனுக்கு. முடியுமா? கண்ணைத் திறந்தால் ஆட்டமும் போய்விடும், பிள்ளைகளும் வேப்பம்பட்டுக்குப் போய்விடும். மூக்கின் மேல் கொசு உட்கார்ந்து விருந்து சாப்பிடும். அதைக்கூட விரட்ட முடியாமல், சொந்த வீட்டில் சொந்தப் பிள்ளைகளைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அன்று ஜோதிகா ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெண்கள் இரண்டையும் வாசலருகே இழுத்து அடிக்குரலில் சொன்னாள். "அப்பாவ எயுப்புனீங்கன்னா தோல உரிச்சிருவேன். இன்னா ஆனாலும் எயுப்பக் கூடாது. புரிஞ்சிதா?"

இரண்டும் தலையை ஆட்டின. அவள் வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு போனாள். எப்போதும் அப்படித்தான் போவாள். புருஷன் தூங்குகிறான், சின்னதுகள் கதவைத் திறந்துகொண்டு பூந்தமல்லி ரோட்டுக்குப் போய்விட்டால் யார் தேடுவது? பக்கத்துப் போர்ஷன்காரர்கள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். மாடியில் வேறு யாரும் இல்லை.

பூட்டுச் சத்தம் அடங்கியதும் வெற்றிச்செல்வன் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தான். ஒரு சுற்று முடிந்தது. நிவேதிதா அவுட் ஆனாள். அவள் பாத்ரூம் பக்கம் போகிற காலடி கேட்டது, பிறகு தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அவன் குறட்டையை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தான்.

அப்புறம் இடுக்குப் பக்கமிருந்து அருள்மொழியின் குசுகுசுப்பு வந்தது. "இய்த்துப் பாரு. இன்னும் இய்யு." பதிலுக்கு ஒரு முனகல். பிறகு அவள் குரலை இன்னும் இறக்கிச் சொன்னாள், "அப்பா கொறட்ட உட்டுகினு கீறாரு. கொறட்ட நிக்கட்டும், அப்பால சொல்றேன். அதுவரிக்கும் கம்முனு குந்து."

வெற்றிச்செல்வன் இமையைத் திறந்து பார்த்தான். கட்டிலிலிருந்து பார்த்தால் பாத்ரூம் கதவு தெரியாது. சமையல் இடுக்கின் முனையில் நின்ற அருள்மொழியின் முதுகுதான் தெரிந்தது. உள்பக்கம் பார்த்து உதட்டில் விரலை வைத்து உஷ்ஷென்றுகொண்டிருந்தாள். புதுசாக ஏதோ ஒளிந்து விளையாடுகிறார்கள், குறட்டை நின்றால்தான் சின்னவள் வெளியே வரலாம்போல என்று அவன் நினைத்துக்கொண்டான். அவனுக்குக் குறும்பு தலைக்கேறியது. அப்படியா சேதி, இன்றைக்கு நிறுத்துகிறேனா பார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டான்.

விட்டான் குறட்டை. ஏற்றினான், இறக்கினான், நிறுத்துகிற மாதிரி வந்து மறுபடி இழுத்தான். ஒவ்வொரு தடவை குரல் இறங்கும்போதும் அருள்மொழி ஆவலாகத் திரும்பிப் பார்ப்பாள். அவன் உடனே சத்தத்தைக் கூட்டுவான். அவள் மறுபடி உள்பக்கம் திரும்பி விரலை உதட்டில் வைத்து உஷ்ஷென்பாள். இவ்வளவு பொறுமையா என் பிள்ளைக்கு என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. தொண்டை வறண்டது, விடவில்லை. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வேலை செய்யாமல் ஜோதிகா வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வருகிறவரைக்கும் குறட்டை நிற்கவே இல்லை.

பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள் பையைத் தரையில் வைத்தாள். "நிவி எங்கடி?"

அருள்மொழி வாய் திறக்காமல் பாத்ரூமைக் கை காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஜோதிகா ஓடினாள். கதவைத் தள்ளினாள், வரவில்லை. தாழ்ப்பாள் உள்ளே சிக்கியிருந்தது. அடுத்த நொடி, எத்தனையோ நாளாகச் சத்தமே கேட்காத அந்த வீட்டில் "மாமா" என்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

வெற்றிச்செல்வன் எப்படிக் கட்டிலை விட்டு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. "நிவி, ஓரமா போம்மா" என்றான். தோளால் ஒரு தள்ளு. பிளாஸ்டிக் கதவுதானே, தாழ்ப்பாள் ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. அந்த ஒரு தள்ளுக்காகத்தான் குழந்தை அவ்வளவு நேரம் காத்துக் கிடந்திருக்கிறாள்.

சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே உள்ளே அனலாக இருந்தது. நிவேதிதா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தலைமயிர் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்து வீங்கியிருந்தது. கவுனின் முனையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். அழுகைச் சத்தம் வெளியே வராமல் இருக்க அவளே செய்துகொண்ட ஏற்பாடு. அப்பாவைப் பார்த்ததும் துணியை எடுத்துவிட்டு, "எயுப்பிட்டாங்களாப்பா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

அவன் அவளை வாரி எடுத்துக்கொண்டான். ஜோதிகா முகத்தைத் துடைத்துவிட்டு, உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். குழந்தை குடித்தாள், விக்கினாள், மறுபடி குடித்தாள். பயப்பட ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஜோதிகாவுக்குக் கோபம் வந்தது. அது வந்து நின்ற இடம் பெரியவள்.

"எத்தினி நேரமாடி உள்ள கீறா?"

"நீ போனதுலேர்ந்தும்மா."

"பெரிய பொண்ணு தானடி நீ? அப்பாவ எயுப்பத் தெரியாதா உனக்கு?"

"நீதான எயுப்பக் கூடாதுன்ன." அருள்மொழி இப்போதும் குசுகுசுவென்றுதான் பேசினாள். "கொறட்ட நிக்கட்டும்னு பாத்துகினே இருந்தேன். நிக்கவே இல்லம்மா."

ஜோதிகா கையை ஓங்கினாள்.

வெற்றிச்செல்வன் ஒரு கணம் சும்மா இருந்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். பேசாமல் இருந்தால் பிள்ளைக்கு ஓர் அடி விழும், கொஞ்ச நேரம் அழுவாள், ராத்திரிக்குள் மறந்துவிடுவாள், தன் பிள்ளைகள் தன்னோடேயே இருக்கும் என்று அந்த ஒரு கணத்தில் அவன் புத்தி கணக்குப் போட்டது. பிறகு அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"அவள அடிக்காத ஜோதி," என்றான். "நான் தூங்கல."

ஜோதிகாவின் கை நின்றது. "இன்னா சொல்ற?"

"முயிச்சிகினுதான் இருந்தேன். அவ பேசுனது எல்லாம் கேட்டுச்சு. வெளாட்றாங்கன்னு நெனச்சேன்."

"அந்தக் கொறட்ட?"

"சும்மா உட்டது." தலையைக் குனிந்துகொண்டான். "தெனிக்கும் சும்மாதான் உட்றேன். எனக்குத் தூக்கம் வர்றதே இல்ல. நீ இவங்கள இஸ்துகினு போயிருவியேன்னு..."

அருள்மொழி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "தெனிக்குமா? நாங்க ஆடறது உனுக்குத் தெரியுமா?"

அவன் தலையாட்டினான். ஆட்டத்தில் நானும்தான் இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாள் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. அவள் சிரிக்கவில்லை. "அயுகுணி ஆட்டம்," என்றாள். பிறகு தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜோதிகா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவள் கறுப்புத் துணி கட்டிய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இதுங்க வாய நான் யாருக்கோசரம் மூடி வெச்சேன் மாமா?" என்று கேட்டாள்.

அடுத்துப் பேசும்போது அவள் குரலில் கோபம் போயிருந்தது. "உன் மேல கோவத்துல சொல்றேன்னு நெனச்சிக்காத. நீ தூங்கணும். ஜீவா அண்ணன் அன்னிக்கித் தப்பிச்சிச்சு. நாளிக்கி எவன் மேலயாச்சும் வண்டிய ஏத்திட்டு நீ போலீஸ் டேசன்ல நின்னா எங்க கதி இன்னா? இவங்க இங்க இருந்தா நீ இவங்களப் பாத்துகினேதான் கெடப்ப. எனக்குத் தெரியுது. நாங்க அம்மா ஊட்டுக்குப் போறோம்."

"ஸ்கூலு..."

"அங்க சேத்துக்கறேன்னு அன்னிக்கே சொன்னேன்ல."

அவனிடம் கடைசியாக ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. பிள்ளைகள் அவனை விட்டுப் போக மாட்டார்கள். டூட்டிக்குக் கிளம்பும்போது தினமும் அவன் காலைக் கட்டிக்கொண்டு விடாதவர்கள் அவர்கள். "பசங்களையும் ஒரு வார்த்த கேளு," என்றான். "அவங்க இன்னா சொல்றாங்கன்னு பாப்போம்."

"ஆயா ஊட்டுக்குப் போய் அங்கியே இருக்கலாமா? அப்பா ஞாயித்துக்கெயம வருவாரு," என்று ஜோதிகா கேட்டாள்.

வெற்றிச்செல்வன் பெரியவளின் முகத்தையே பார்த்தான். அருள்மொழி அம்மாவின் காதருகே குனிந்து கேட்டாள்.

"அங்க கத்தலாமாம்மா?"

"கத்தலாம்டி. ஊட்டுப் பின்னாடியே ரயில் போவுது. நீ எத்தினி கத்துனாலும் எவனுக்கும் கேக்காது."

"ஓடலாமா?" இது நிவேதிதா.

"ஓடலாம்."

பெண்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருள்மொழியின் முகம் மலர்ந்தது. தங்கையின் கைகளைப் பிடித்து எழுப்பினாள். இரண்டு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணெல்லாம் சிரிப்பாக, நின்ற இடத்திலேயே குதித்தார்கள். நுனிக்காலில் எழும்பி நுனிக்காலிலேயே இறங்கினார்கள். மறுபடி குதித்தார்கள். ஒரு தடவைகூடத் தரையில் சத்தம் எழவில்லை. வெற்றிச்செல்வன் முதல் தடவையாக முழுக் கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு தன் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தான்.

"நாளிக்கே போலாமாப்பா?" என்று அருள்மொழி அவனிடம் வந்து குசுகுசுவென்று கேட்டாள்.

அதற்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "போலாம்மா," என்று சொன்னான்.